பேட்டரியைச் சூடாக வைத்திருக்கும் முறை

ஜனவரி 9

சம்பந்தி அவர்களுக்கு,

நலம் விசாரிக்கும் வரியை விட்டுவிடுகிறேன். இங்கே யாரும் நலமாக இல்லை. அங்கே நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமும் இல்லை.

என் மகள் நேற்று சாயங்காலம் பேருந்திலிருந்து இறங்கி வந்தாள். வலது கையில் மணிக்கட்டுவரை கட்டு. கட்டுக்குள் நான்கு விரல்கள்தான் இருக்கின்றன. ஆட்காட்டி விரலை இரண்டாவது கணுவோடு மலையடிவார மருத்துவமனையில் எடுத்துவிட்டார்களாம். எப்படி ஆச்சு என்று கேட்டேன். "குளிர்ம்மா" என்கிறாள். மழை பெய்தது, நனைந்துவிட்டேன் என்று சொல்கிற மாதிரி.

அவள் பையைப் பிரித்தபோது பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக ஒரு தாள் கிடைத்தது. கையெழுத்து உங்களுடையது. தலைப்பு, "கடுங்குளிரில் கேமராவைக் கையாளும் முறை." கீழே கோடு வேறு. ஏழாவது குறிப்பை நீங்கள் மறந்திருக்கலாம், அதனால் எடுத்து எழுதுகிறேன்: "பேட்டரி மாற்றும்போது கையின் தடித்த மேலுறையைக் கழற்றலாம். விரைவாக முடிக்கவும்." என் மகள் கழற்றினாள். விரைவாக முடிந்தது.

நீங்கள் வாழ்நாளில் எந்தப் பனியில் நின்றிருக்கிறீர்கள்? கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். வீட்டு ஃப்ரிட்ஜில் பேட்டரியை வைத்துப் பார்த்து எழுதிய ஞானம் இது என்று என் மகளே ஒருமுறை சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். அப்போது நானும் சிரித்தேன். அதற்கு இப்போது என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும்.

கல்யாணத்துக்கு முன்னால் கேமராவோடு ஊருக்குள் சுற்றினாள். உங்கள் பிள்ளை மின்பாதைப் பொறியாளர், அவர் போகிற மலைக்குப் பின்னாலேயே போனாள். அங்கே அவளுக்கு மின்கோபுரத்திலும் கம்பியிலும் பனி எவ்வளவு கட்டியிருக்கிறது என்று தினமும் படம் எடுக்கிற வேலை. இப்போது அலுவலகம் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, எப்படி நடந்தது என்று விசாரிக்கிறதாம். விசாரிக்கட்டும். கேமரா என் அலமாரியில் இருக்கிறது. சாவி என் இடுப்பில்.

போன் செய்ய வேண்டாம். நீங்கள் "அது வந்து, அது வந்து" என்று இழுத்து முடிப்பதற்குள் நான் ஒரு சட்டை தைத்து முடித்துவிடுவேன். பதில் எழுத்தில் வரட்டும்.

தையல் கடையிலிருந்து,
உங்கள் மருமகளின் அம்மா


ஜனவரி 14

மதிப்புக்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பலமுறை பதில் எழுதிக் கிழித்தேன். இதுவும் சரியாக வந்திருக்கிறதா என்று தெரியவில்லை.

முதலில், மருமகளுக்கு வலி எப்படி இருக்கிறது? இரவில் தூங்குகிறாளா? இதை முதலில் கேட்டிருக்க வேண்டும் என்றுதான் முதல் வரைவைக் கிழித்தேன்.

குறிப்புகளைப் பற்றி. நான் பனியில் நின்றதில்லை என்று நீங்கள் எழுதியது உண்மை. படித்தும், சோதித்தும் எழுதினேன். குளிரில் பேட்டரி தீர்ந்துபோனதுபோல் நடிக்கும். உண்மையில் தீர்ந்திருக்காது. உடம்புச் சூட்டில் வைத்தால் மீண்டும் உயிர் வரும். ஆகவே ஒன்று கேமராவில், இன்னொன்று உடம்போடு ஒட்டி, என்று எழுதினேன். வெளியிலிருந்து வெதுவெதுப்பான அறைக்குள் வரும் முன்பே கேமராவைப் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் கட்ட வேண்டும், இல்லையென்றால் குளிர்ந்த கண்ணாடியின் உள்ளும் புறமும் நீர் பூத்துவிடும் என்று எழுதினேன். உலோகத்தை வெறும் விரலால் தொடக் கூடாது என்பதை அடிக்கோடிட்டேன். இவை தவறில்லை என்று இன்னும் நினைக்கிறேன். ஆனால் ஏழாவது குறிப்பு என் மனத்தை அரிக்கிறது. "கழற்றலாம்" என்று ஏன் எழுதினேன்? "கழற்றவே வேண்டாம்" என்று எழுதியிருக்கலாமே?

உங்கள் கடிதம் வந்த அன்று மறுபடி பேட்டரியை ஃப்ரீசரில் வைத்தேன். என் மனைவி ஐஸ் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னும் என்ன சோதிக்கணும் உங்களுக்கு? நடந்ததெல்லாம் போதாதா?" என்றாள். இருந்தாலும் மெல்லிய உள்ளுறை மட்டும் போட்டுக்கொண்டு, குளிர்ந்த பேட்டரியைக் கேமராவில் மாட்டிப் பார்த்தேன். விரல் வலித்தது, சிவந்தது. ஆனால் எங்கள் சமையலறை மலை இல்லை.

மகனுக்குப் போன் செய்தேன். பேட்டரி மாற்ற அவள் மேலுறையைக் கழற்றினாள், காற்று அதை அடித்துக்கொண்டு போய்விட்டது என்றான். அலுவலகத்துக்கும் அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறானாம். "அப்பாவின் குறிப்பை நம்பி" என்ற சொற்களும் அதில் உண்டு என்றான். கேட்டு எனக்கு வருத்தம்தான். ஆனால் அது உண்மையானால் வருந்த எனக்கு உரிமை இல்லை.

என் குறிப்பால்தான் நடந்தது என்று உறுதியானால் அதை எழுத்தில் ஒப்புக்கொள்ளத் தயங்க மாட்டேன். உறுதியாவதற்கு மட்டும் சற்று அவகாசம் வேண்டுகிறேன்.

பணிவுடன்,
உங்கள் சம்பந்தி


ஜனவரி 20

சம்பந்தி அவர்களுக்கு,

ஒப்புக்கொள்ளத் தயங்க மாட்டீர்கள். சரி. எழுதுங்கள். இன்றைக்கே எழுதுங்கள்.

அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. வீட்டில் யாரோ எழுதிக் கொடுத்த தாளை நம்பி, பாதுகாப்பு விதியை மீறி, அவளாகவே கையுறையைக் கழற்றினாளா என்று கேட்கிறார்கள். ஆமாம் என்று ஆகிவிட்டால் அவள் கவனமில்லாதவள். திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள். உங்கள் பிள்ளை ஏற்கெனவே ஆமாம் என்று சொல்லிவிட்டார். நீங்களும் "அந்தத் தாள் என்னுடையது, பிழையானது" என்று ஒரு வரி எழுதினால் விஷயம் அத்தோடு முடிந்தது.

என் மகள் கவனமில்லாதவள் என்று பெயர் வாங்குவது எனக்குச் சந்தோஷமா என்று நினைக்கலாம். சந்தோஷம்தான். பெயர் போனால் போகட்டும், மிச்சம் இருக்கிற விரல்கள் இருக்கட்டும். கடையில் என் பக்கத்தில் உட்காரட்டும். கணக்குப் பார்க்க நான்கு விரல் போதும்.

அவளுக்கு அது புரியவில்லை. நேற்று,

"அம்மா, அலமாரி சாவியைக் குடு."

"எதுக்கு?"

"கேமராவுக்குள்ள ஈரம் இருக்கான்னு பார்க்கணும்."

"உன் கையில ரத்தம் இருக்கான்னு பாரு முதல்ல."

"அது என் வேலைம்மா."

"வேலையா? வேலைன்னா வீட்டுக்கு முழுசா திரும்பி வரணும். நானும் முப்பது வருஷமா கத்தரிக்கோல் பிடிக்கிறேன், எண்ணிப் பார், பத்து இருக்கு."

சிரிக்கிறாள். சிரித்துக்கொண்டே அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்குத் தெரியாதா?

விரலைக் கொடுத்து வாங்குகிற அளவுக்கு அந்தக் கேமராவில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க, பக்கத்து ஸ்டுடியோக்காரரிடம் அதன் கார்டைக் கொடுத்துப் படம் போட்டு வாங்கினேன். வெள்ளை. எல்லாம் வெள்ளை. வெள்ளையில் கம்பம், வெள்ளையில் கம்பி. மனிதமுகம் என்று ஒன்றே ஒன்று, உங்கள் பிள்ளை. கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய, சுற்றுலா வந்தவர் மாதிரி. பெண்டாட்டிக்கு விரல் போகிற ஊரில் இவருக்கு என்ன சிரிப்பு? படத்தை இதோடு வைத்திருக்கிறேன், பார்த்து மகிழுங்கள். அந்தக் கையுறையையும் கவனியுங்கள். உள்ளங்கைப் பக்கம் எவனோ ஒரு துண்டுத் துணியை வைத்துக் கோணல்மாணலாகத் தைத்திருக்கிறான். ஒரு தையல் நீளம், ஒரு தையல் குட்டை, மூலையில் நூல் தொங்குகிறது. என் கடையில் முதல் நாள் ஊசி பிடிக்கிற பெண்கூட இப்படித் தைக்க மாட்டாள். நல்ல கையுறை வாங்கக்கூடத் தெரியாத மாப்பிள்ளைக்கு என் பெண்ணைக் கொடுத்தேன்.

அந்த ஒரு வரியை எழுதி அனுப்புங்கள்.

உங்கள் மருமகளின் அம்மா


ஜனவரி 27

மதிப்புக்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

கடிதமும் படமும் கிடைத்தன.

அந்த வரியை இன்னும் எழுதவில்லை. மன்னிக்க வேண்டும். ஒரு சிறிய சந்தேகம். பெரும்பாலும் என் மனப்பிரமையாகத்தான் இருக்கும்.

இந்தப் படம் விபத்து நடந்த அன்று எடுத்ததா? இதற்குப் பிறகு அந்தக் கார்டில் வேறு படங்கள் இருக்கின்றனவா, இருந்தால் எதன் படங்கள்? மருமகளிடம் கேட்டு எழுத முடியுமா? அவளை வற்புறுத்த வேண்டாம். வேறு ஏதோ பேச்சுப் போலக் கேட்டால் போதும்.

ஏன் கேட்கிறேன் என்று இப்போது எழுத இயலவில்லை. தவறாக எழுதிவிட்டால் திருத்த முடியாத விஷயம்.

மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன். மழுப்புகிறேன் என்று நினைப்பீர்கள். அப்படித்தான் தெரிகிறது.

பணிவுடன்,
உங்கள் சம்பந்தி


பிப்ரவரி 1

சம்பந்தி அவர்களுக்கு,

மழுப்புகிறீர்கள் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், எனக்கு வேலை மிச்சம்.

கேட்டீர்கள், சொல்கிறேன். அன்றைக்கு எடுத்த படம்தான். அதற்குப் பிறகு ஒன்றே ஒன்று இருக்கிறது. கோபுரம் சாய்ந்து, பாதி வெட்டுப்பட்டு. அதோடு சரி, அப்புறம் ஒன்றும் இல்லை. மகளிடம், "மாப்பிள்ளை சிரிக்கிறாரே, அதுக்கப்புறம் என்ன நடந்துச்சு?" என்று கேட்டேன். "விடும்மா" என்றாள். எதைக் கேட்டாலும் இப்போது "விடும்மா"தான். அலுவலகத்துக்கு அவள் எழுதிக் கொடுத்ததும் ஒரே வரி, "கையில் கையுறை இல்லை." ஏன் இல்லை என்று எழுதவில்லை.

இதெல்லாம் உங்களுக்கு எதற்கு? வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனிதர் என்று உங்களைப் பற்றி ஊரில் நல்ல பெயர். திடீரென்று போலீஸ்காரர் மாதிரி கேள்வி கேட்கிறீர்கள். என் மகள்மேல் இன்னும் ஏதாவது பழி கண்டுபிடிக்கவா? படத்தைப் பார்த்து, "விளையாட்டாக இருந்தாள், அதனால் விரல் போனது" என்று சொல்லப் போகிறீர்களா? சொல்லிப் பாருங்கள்.

உங்கள் பிள்ளை நேற்று கடைக்குப் போன் செய்தார். மனைவி எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி. மிச்சமெல்லாம் உங்கள் தாளைப் பற்றி.

"அத்தை, அப்பா அந்த லெட்டரை எழுதிட்டாரா?"

"இன்னும் இல்லை. சந்தேகம் வந்திருக்காம் உங்கப்பாவுக்கு."

"அவருக்கு எதுலதான் சந்தேகம் இல்லை? கதவைப் பூட்டிட்டு நாலு தடவை இழுத்துப் பார்ப்பாரு. நீங்க கொஞ்சம் அதட்டுங்க. பயந்த சுபாவம். எழுதிக் குடுத்துடுவாரு."

பெற்ற பிள்ளையே சொல்கிறார். ஆகவே அதட்டுகிறேன். எழுதிக் கொடுங்கள்.

உங்கள் மருமகளின் அம்மா


பிப்ரவரி 8

மதிப்புக்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

நீங்கள் கேட்ட கடிதத்தை எழுதவில்லை. வேறொரு கடிதம் எழுதி அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். நகல் இதனுடன் இருக்கிறது. அதைப் படிப்பதற்கு முன் இதைப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

படத்தில் நீங்கள் காட்டிய அந்தக் கோணல் தையல் நான் போட்டது.

குறிப்புத் தாளை அனுப்பிய பிறகு ஏழாவது குறிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. சட்டைக்குள்ளிருந்து பேட்டரியை எடுக்க எல்லாவற்றையும் திறக்க வேண்டும், கையுறையையும் கழற்ற வேண்டும். அதனால் மருமகளின் அளவுக்கு ஒரு ஜோடி வாங்கி, வலது கையுறையின் உள்ளங்கைப் பக்கம் ஒரு சிறு பை வைத்துத் தைத்தேன். மாற்றுப் பேட்டரி அதில் கைச்சூட்டிலேயே இருக்கும். ஆட்காட்டி விரலிலும் கட்டைவிரலிலும் ஒரு பிளவு வைத்தேன், மேலுறையைக் கழற்றாமலே பேட்டரியை மாற்றலாம். எனக்குத் தையல் வராது. என் மனைவி செய்து தருகிறேன் என்றாள், கேட்காமல் நானே செய்தேன். இப்படித் தைத்ததை மருமகள் போட்டிருக்க மாட்டாள் என்று நினைத்துத்தான் உங்களுக்கு முன்பு எழுதவில்லை. உலகத்தில் அந்தத் தையல் உள்ள கையுறை ஒன்றுதான். அது என் மகன் கையில் இருக்கிறது. காற்று அடித்துக்கொண்டு போகவில்லை.

இதைக் கண்டுபிடித்த பின்பும் பல நாள் பேசாமல் இருந்தேன். வேறு ஏதாவது காரணம் இருக்கும் என்று தேடினேன். வியாழக்கிழமை மகன் விடுப்பில் வந்தான். சாப்பிட உட்கார்ந்தபோது படத்தை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இது யாரோட கையுறைடா?"

"எது?"

"நீ தூக்கி ஆட்டுறியே, அது."

"அவளோடதுதான். என்னோடதைக் கீழே கொட்டகையில மறந்துட்டேன். அஞ்சு நிமிஷம் குடுன்னேன், அவளே கழட்டிக் குடுத்தா."

"அதுல பேட்டரி இருந்துதே?"

"இருந்திருக்கும். உங்க பையையெல்லாம் யாருப்பா பார்த்துட்டு இருக்காங்க?"

"எப்போ திரும்பி வந்தே?"

அவன் தண்ணீர் குடித்தான். "அடுத்த கோபுரத்துல ஆளுங்க டீ போட்டிருந்தாங்க. கொஞ்சம் லேட் ஆயிடுச்சு. அவ வண்டிக்குள்ள போய் உட்கார்ந்திருக்கலாமே? யாரு வேணாம்னா?"

"வண்டியை நீதானே எடுத்துட்டுப் போனே?"

சமையலறையிலிருந்து என் மனைவி, "சாப்பிடற பிள்ளைகிட்ட என்ன விசாரணை?" என்றாள்.

பிறகு அவன் நிதானமாகச் சொன்னான்: "அப்பா, உங்களுக்கு என்ன போகப்போகுது? நீங்க ரிட்டையர் ஆனவரு. ஒரு வரி எழுதினா முடிஞ்சுது. இது வெளிய வந்தா எனக்கு வேலை போயிடும்."

அன்று அவன் வண்டியோடு போன பின் மலையில் நடந்ததை நான் ஊகித்துத்தான் எழுத முடியும். கேமராவில் இருந்த பேட்டரி குளிரில் நின்றுபோயிருக்கிறது. அதனால்தான் கடைசிப் படம் சாய்ந்து, பாதியில் நிற்கிறது. சூடான பேட்டரி கையுறையோடு போய்விட்டது. அன்றைய கோபுரப் படம் இன்னும் எடுத்தாகவில்லை. செத்த பேட்டரியை வெளியே எடுத்து, அதற்கு உயிர் வரட்டும் என்று மூடிய கைக்குள் வைத்துக்கொண்டு அவள் காத்திருந்திருக்கிறாள். அதுவும் என் குறிப்பில் உள்ளதுதான், உடம்புச் சூட்டில் வைத்தால் உயிர் வரும் என்பது. ஆனால் அதைச் செய்ய அவளிடம் மெல்லிய உள்ளுறை மட்டுமே இருந்தது.

அவள் கவனமில்லாதவள் அல்ல. இதைத்தான் அலுவலகத்துக்கு எழுதினேன், என் மகனின் பெயரோடு, படத்தோடு. அஞ்சல் பெட்டியில் போட்டதும் பயம் வந்துவிட்டது. பெட்டியின் வாய்க்குள் கையை விட்டுப் பார்த்தேன். எட்டவில்லை.

மகன் அன்றைக்கே கிளம்பிப் போய்விட்டான். என் மனைவி பேசுவதில்லை. சோறு மட்டும் வைக்கிறாள்.

பணிவுடன்,
உங்கள் சம்பந்தி


பிப்ரவரி 14

சம்பந்தி அவர்களுக்கு,

உங்களை யார் கேட்டார்கள்?

உண்மையாம். ஒரு மாதமாக நான் அதட்டுகிறேன், அப்போதெல்லாம் வராத துணிச்சல், யாருக்கும் வேண்டாத இடத்தில் வந்து குதித்திருக்கிறது. உங்கள் பிள்ளையின் லட்சணத்தை எனக்குச் சொன்னீர்கள், சரி. அவரை நான் கவனித்துக்கொள்கிறேன், அதற்கு எனக்கு எந்த அலுவலகமும் வேண்டாம். மலைப்பாதை வேலையிலிருந்து அவரை எடுத்துவிட்டார்களாம். நல்லது. ஆனால் என் பெண்ணுக்கு என்ன செய்திருக்கிறீர்கள் என்று தெரியுமா? "உங்கள்மேல் தவறில்லை, திரும்ப வரலாம்" என்று அவளுக்கு எழுதிவிட்டார்கள்! அந்தப் பனிக்கே! நான் பூட்டி வைத்த கதவைத் திறந்துவிட்டுப் பணிவுடன் என்று கையெழுத்துப் போடுகிறீர்கள்.

அவளிடம் கேட்டேன், "ஏண்டி என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா அவரைத் திட்டுவே. திட்டி முடிச்சிட்டு என்னைக் கட்டிப்போடுவே. ரெண்டும் நடந்தா நான் எப்படிப் போறது?"

புருஷனைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டிருந்தாள் என்று நான் நினைத்து உருகிக்கொண்டிருந்தேன். இவள் தன் வழியைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

ஆனால் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்கள், கடவுள் இருக்கிறார். கை நடுங்காமல் இருக்கிறது என்று தெரிய வேண்டுமாம். ஸ்டாண்டு இல்லாமல், அந்தக் கையால் எடுத்த படம் ஒன்றை அனுப்ப வேண்டுமாம். சாவியைப் பிடுங்கிக்கொண்டு கேமராவை எடுத்தாள். நடுவிரலால் பொத்தானை அமுக்குகிறாள். கடையில் வைத்து என்னையே எடுத்தாள். அந்தப் படத்தை ஸ்டுடியோவில் போட்டு, அவளுக்குக் காட்டாமல் இதில் வைத்திருக்கிறேன். பாருங்கள். நான் இருக்கிறேனா, என் ஆவி இருக்கிறதா? மூக்கு ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம் இழுபட்டுக் கிடக்கிறது. இந்தக் கைதான் மலைமேல் கோபுரத்தை எடுக்கப் போகிறதாம்.

நீங்கள் இயற்பியல் படித்தவர். இப்போது உண்மை வேறு பேசப் பழகிவிட்டீர்கள். இதையும் பேசுங்கள். படம் கலைந்திருக்கிறது, கை நடுங்குகிறது, இந்த வேலைக்கு ஆகாது என்று அலுவலகத்துக்கு எழுதுங்கள். உங்கள் சொல்லை அவர்கள் மதிக்கிறார்கள். சொந்தப் பிள்ளையையே காட்டிக்கொடுத்தவர் பொய் சொல்ல மாட்டார் என்று நம்புவார்கள்.

இதையாவது செய்யுங்கள்.

உங்கள் மருமகளின் அம்மா


பிப்ரவரி 19

மதிப்புக்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

படத்தை ஜன்னல் ஓரத்தில் வைத்து, பூதக்கண்ணாடியால் பார்த்தேன். அவசரத்தில் தவறு செய்துவிடக் கூடாது என்று மறுநாளும் பார்த்தேன்.

உங்கள் முகம் கலைந்திருப்பது உண்மை. வலது கையும் கலைந்திருக்கிறது, அதில் இருப்பது கத்தரிக்கோல் என்று ஊகிக்கிறேன். ஆனால் உங்களுக்குப் பின்னால் சுவரில் பொத்தான் டப்பாக்கள் அடுக்கியிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. அவற்றை இங்கிருந்தே படிக்க முடிகிறது. "சட்டை, வெள்ளை." "சட்டை, கறுப்பு." "கோட்டு." மேல் தட்டில் மூலையில் இருப்பதில் எழுத்து மிகச் சிறியது. அதையும் படித்தேன். "தொடாதே" என்று எழுதியிருக்கிறீர்கள். அதன் கீழே போட்ட கோடுகூட ஒற்றைக் கோடாகத்தான் விழுந்திருக்கிறது.

கேமரா அசைந்திருந்தால் டப்பாக்களும் உங்களோடு சேர்ந்து இழுபட்டிருக்கும். அவை அசையவில்லை. உங்கள் கடையில் வெளிச்சம் குறைவு. அப்படிப்பட்ட இடத்தில் கேமரா வழக்கத்தைவிட அதிக நேரம் கண்ணைத் திறந்து வைத்திருக்கும். அவ்வளவு நேரமும் அவள் கை நின்றிருக்கிறது. இரண்டு கையும் முழுதாக உள்ள என்னால் இப்படி எடுக்க முடியாது. இதை நான் தன்னடக்கமாகச் சொல்லவில்லை, நேற்று முயன்று பார்த்தேன்.

அசைந்தது நீங்கள் மட்டும்தான். அப்போது அவளைத் திட்டிக்கொண்டிருந்தீர்களோ என்று நினைக்கிறேன்.

ஆகவே நீங்கள் கேட்டபடி எழுத இயலாது. நீங்கள் பயப்படுவதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. எனக்கும் பயம்தான். அவள் மறுபடி மேலே போனால் எனக்குத் தூக்கம் வராது. மகனின் வேலையைப் போக்கிவிட்டு, மருமகளையும் பனிக்கு அனுப்பிய கிழவன் என்று என் வீட்டிலேயே பேச்சு. அது பொய் என்று மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் அந்தப் படத்தில் உள்ளது நடுங்கும் கை என்று நான் எழுதினால், அது என் மகன் எழுதிக் கொடுத்த அதே வகைக் கடிதமாகிவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் படம் இந்த உறையில் இல்லை, தேட வேண்டாம். எடுத்தவள் அவள். அலுவலகத்துக்கு அனுப்புவதா வேண்டாமா என்று தீர்மானிக்க வேண்டியவளும் அவள்தான். தனி உறையில், அவள் பெயருக்கு, அவளே கையெழுத்துப் போட்டு வாங்கும்படி இன்று காலை அனுப்பிவிட்டேன். டப்பாக்களைப் பற்றியும் எழுதியிருக்கிறேன்.

உங்களுக்குக் கோபம் வரும். எப்படி வரும் என்று படத்தில் பார்த்துக்கொண்டேன்.

பணிவுடன்,
உங்கள் சம்பந்தி